இரண்டு சின்ன ஹார்ன்

கனகதாஸுக்கு ரயில் பைத்தியம் என்று காரக்கோணம் கடைவீதியில் யாராவது சொன்னால் அவருக்குக் கோபம் வராது. "ரயில் பார்க்கப் போகிறவர்" என்று மரியாதையாகச் சொன்னால்தான் வரும். ரயில் பார்க்கிறவர்கள் ஊருக்குள் ஆயிரம் பேர் உண்டு. கேட் போட்டதும் பைக்கை நிறுத்திவிட்டுக் கொட்டாவி விடுகிற அத்தனை பேரும் ரயில் பார்க்கிறவர்கள்தானே. கனகதாஸ் இன்ஜின் நம்பர் படிக்கிறவர். அதைப் பராமரிக்கிறது ஈரோட்டு ஷெட்டா, ராயபுரத்து ஷெட்டா, எப்போது பெயின்ட் அடித்தார்கள், இன்றைக்கு இந்த வண்டியை இழுக்க வேண்டியது இதுதானா, இல்லை வேறொன்றுக்குப் பதிலாக வந்து மாட்டிக்கொண்டதா என்பதெல்லாம் அவருக்கு இரண்டு நொடியில் தெரிந்துவிடும். சொந்தக்காரர்களின் பிறந்தநாள் ஒன்றுகூட ஞாபகம் இருக்காது என்பது வேறு விஷயம்.

ஆளுக்கு வயது ஐம்பத்திரண்டு. காரக்கோணத்தில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் கண்ணாடிக் கடை. டாக்டர் எழுதித் தருகிற சீட்டைப் பார்த்து லென்ஸ் அறுத்து ஃபிரேமில் பொருத்துவது வேலை. கடை திறப்பது ஒன்பதரைக்கு. அதற்கு முன்னால் ஏழரையிலிருந்து அவரை வீட்டில் தேடிப் பிரயோஜனம் இல்லை. பாறசாலை ஸ்டேஷனுக்கு வடக்கே, தனுவச்சபுரம் பக்கமாகத் தண்டவாளம் வளைகிற இடத்தில் அவருடைய சித்தப்பா மகனின் மரச்சீனிக் கிழங்கு போட்ட விளை ஒன்று உண்டு. அதன் எல்லையில் கல் அடுக்கிக் கட்டிய கையாலை. அதன் மேல் ஏறி நின்றால் வளைவு முழுக்கத் தெரியும். ரயில்வே நிலத்தில் கால் வைக்கவே வேண்டாம். போலீஸ்காரர் வந்து கேட்டாலும், "இது எங்க விளையாக்கும் சாறே" என்று சொல்லலாம். இரண்டு முறை சொல்லியும் இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமைக்கும் விலக்கு கிடையாது. வெள்ளைச் சட்டை, கழுத்தில் கேமரா, பைக்கின் பெட்டிக்குள் வேதபுத்தகம். ஆராதனையில் முதல் பாட்டு முடிகிற நேரத்துக்குப் பின்வாசல் வழியாக நுழைந்து கடைசி பெஞ்சில் உட்காருவார். முன் பெஞ்சிலிருக்கும் அவர் மனைவி கிருபாபாய் திரும்பிப் பார்க்க மாட்டாள். வாசலில் செருப்பு மண்ணை உதறுகிற சத்தமே அவளுக்குப் போதும்.

அந்த வளைவு தொடங்கும் இடத்தில் ஒரு மஞ்சள் போர்டு நிற்கிறது. முன்னால் கேட் இருக்கிறது, ஹார்ன் அடி என்று பொருள். எந்த டிரைவராக இருந்தாலும் அந்தப் போர்டைக் கண்டதும் நீளமாக ஒன்று அடித்தே ஆக வேண்டும். பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் நாகர்கோவிலுக்குப் போகிற பாசஞ்சர் அப்படி நீளமாக அடித்துவிட்டு, அதன் பிறகு எந்தச் சட்டத்திலும் இல்லாத இரண்டு சின்ன ஹார்ன் அடித்தது. கனகதாஸ் கேமராவிலிருந்து முகத்தை எடுத்துப் பார்த்தார். இன்ஜினின் இடது ஜன்னலிலிருந்து காக்கிச் சட்டைக் கை ஒன்று வெளியே வந்து ஆடியது. மேலே நரைத்த மீசை. அவ்வளவுதான் தெரிந்தது. கனகதாஸும் கையை உயர்த்தினார். அன்றைக்குக் கடையில் லென்ஸ் அறுக்கும்போது விசில் அடித்துக்கொண்டிருந்தாராம். பக்கத்து மருந்துக் கடைக்காரன் வந்து என்ன விசேஷம் என்று கேட்டான்.

அதற்குப் பிறகு எட்டுப் பத்து நாளுக்கு ஒரு தடவை அந்த டிரைவருக்கு அந்த வண்டியில் முறை வரும். வந்தால் ஒரு நீளம், இரண்டு சின்னது, ஒரு கை. சில மாதம் கழித்து ஜன்னலிலிருந்து ஒரு தீப்பெட்டி விளையில் வந்து விழுந்தது. உள்ளே மடித்த காகிதம். ஒரு வரி மலையாளமும் ஒரு வரி தமிழுமாக, "எனக்க வண்டி படம் கிட்டுமா?" என்று எழுதி, கீழே போன் நம்பரும் பொன்னப்பன் என்று பெயரும் இருந்தன. அன்று மாலையே கனகதாஸ் படங்களை அனுப்பினார். பொன்னப்பன் குரல் பதிவு ஒன்று திருப்பி அனுப்பினார்: "இருவத்தேழு வருசம் வண்டி ஓட்டியாச்சு. எனக்க வண்டி வெளிய நிண்ணு பாத்தா இப்பிடி இருக்கும்னு இப்பமாக்கும் காணுகேன். உபகாரம், வளவுக்காரரே."

வளைவில் நிற்கிறவர் என்று வைத்த வளவுக்காரர் என்ற பெயர் அப்படியே நின்றுவிட்டது. பொன்னப்பனின் வீடு குளத்தூரில். பொழியூர் ரோட்டில் பஸ் ஏறினால் அரை மணி நேரம். பதினோரு வருஷத்தில் இவர் அங்கே போனதில்லை, அவர் இங்கே வந்ததில்லை. போகவேண்டும் என்று இருவருக்கும் தோன்றவும் இல்லை. தினம் முகம் பார்த்துப் பேசுகிற அண்ணன் தம்பிகள் வரப்புக்காகக் கோர்ட் ஏறுகிற ஊரில், ஒரு கையசைப்பில் பதினோரு வருஷம் ஓடுகிறதென்றால் அதைப் போய்க் கெடுப்பானேன்?

இனி பினுவைச் சொல்ல வேண்டும். சொல்லவே எரிச்சலாக இருக்கிறது, ஆனாலும் சொல்ல வேண்டும்.

பினுவுக்குப் பாறசாலையில் பிரிண்டிங் கடை. ஃபிளெக்ஸ், கல்யாணக் கார்டு, போட்டோ பிரிண்ட் எல்லாம் உண்டு. கனகதாஸை விட எட்டு வயது இளையவன். பதினாலு வருஷப் பழக்கம். ஈரோட்டு ஷெட்டை வெளியே நின்று பார்ப்பதற்காக இரண்டு பேரும் ராத்திரி வண்டியில் உட்கார்ந்தே போய், வெயிலில் நின்று, உட்கார்ந்தே திரும்பியிருக்கிறார்கள். பினு கல்யாணம் செய்தபோது சபைப் பதிவேட்டில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது கனகதாஸ். பினு ரயில் படங்களுக்கென்று இன்டர்நெட்டில் ஒரு பேஜ் நடத்தினான். அதில் பாதிப் படம் கனகதாஸ் எடுத்தது.

ரயில் படம் எடுக்கிறவர்களுக்குள் ஒரு முறை உண்டு. இன்ஜின் நம்பர், ஷெட், வண்டி, இடம், தேதியோடு நேரம், இந்த ஐந்தும் எழுதாத படம் படமே இல்லை. கல்யாண ஆல்பத்தில் கொண்டு ஒட்டு என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். எடுத்தவன் பெயர் மூலையில் இருக்க வேண்டும். பெயரை வெட்டிவிட்டு அடுத்தவன் படத்தைப் போடுகிறவன் கள்ளன். இவர்கள் ஏரியா குரூப்பில் இந்தச் சட்டத்தை எழுதிப் போட்டவரே கனகதாஸ்தான். தனக்கென்று இன்னொரு சட்டமும் வைத்திருந்தார்: ஆள் முகம் வெளியே போகக்கூடாது. டிரைவர் தெரிந்தால் ஜன்னலை இருட்டாக்கிவிட்டுத்தான் யாருக்கும் அனுப்புவார். "இன்ஜினுக்கு சோலி போகாது, மனுசனுக்குப் போகும்" என்பார்.

இந்த வருஷம் தை பிறந்ததும் பொன்னப்பனிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. கனகதாஸ் அதைக் கிருபாபாய்க்கு மூன்று முறை போட்டுக் காட்டினார். "வளவுக்காரரே, மே முப்பத்தொண்ணு எனக்கு ரிட்டயர்மென்ட். அண்ணைக்குக் கடைசி டிரிப்பு இதே வண்டியில கேட்டு வாங்கியாச்சு. மாலை எல்லாம் போட்டு விடுவினும். மவளும் பேரனும் பெட்டியில வருவினும். வளவில நீங்க நிண்ணு ஒரு படம் எடுத்துத் தரணும். அது எனக்க வீட்டு முன்னறையில மாட்டதுக்காக்கும்."

டிரைவரின் கடைசி வண்டி என்பது சின்ன விஷயம் இல்லை. இன்ஜினுக்கு வாழைக்குலை கட்டி, பூமாலை சாத்தி, கூட வேலை பார்த்தவர்கள் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இறங்கி வந்து கைகொடுப்பார்கள். முப்பது நாற்பது வருஷம் ராவும் பகலும் ஓடியவனுக்குக் கிடைக்கிற ஒரே ஊர்வலம் அது. அதைப் படம் எடுக்கத் தன்னைக் கேட்டுவிட்டாரே என்று கனகதாஸுக்குத் தரையில் கால் நிற்கவில்லை. மே முப்பத்தொன்றில் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று தைமாசமே கணக்குப் பார்க்கத் தொடங்கிவிட்டார். கையாலையை மறைத்த ஒரு பூவரசுக் கொப்பைச் சித்தப்பா மகனிடம் கெஞ்சி வெட்ட வைத்தார்.

மார்ச்சில் ஒரு வெள்ளிக்கிழமை. இரண்டாவது பாதை போடுகிற வேலை நடந்ததால் வளைவில் வண்டிகள் இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது என்று உத்தரவு. பாசஞ்சர் நடந்து வருகிற மாதிரி வந்தது. நீளம் ஒன்று, சின்னது இரண்டு. கனகதாஸ் கேமராவில் கண்ணை வைத்தபோது பொன்னப்பன் ஜன்னலிலிருந்து பாதி வெளியே சாய்ந்து, வலது கையில் மொபைலை நீட்டி, சிரித்துக்கொண்டே இவரைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாகத் தான் எடுத்த ஆள் தன்னைத் திருப்பி எடுக்கிறார். கனகதாஸின் விரல் தானாக அழுத்தியது.

சாயங்காலம் குரல் பதிவு. "மவ பிரசீதா கேட்டா, யாரப்பா அந்த ஆளு, ஹார்ன் எல்லாம் அடிக்கியளேன்னு. அவளுக்குக் காட்டதுக்காக்கும் எடுத்தது. ஆரிட்டயும் பறயண்டாம், டூட்டியில போனு தொடப்பிடாது."

யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் படத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஆசை அடங்கவில்லை. அவர் வாழ்க்கையில் எடுத்த படங்களிலேயே அதுதான் படம். அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, கடைசி வண்டிப் படத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. பிரிண்ட் என்றால் பினு. பினுவை விட்டால் யார்?

"இது பொன்னப்பன் சாறுக்குக் கொடுக்கதுக்கு. வேற ஒருத்தன் கண்ணிலயும் படப்பிடாது, கேட்டியா மக்கா. கையில போனு இருக்கு பாரு. மெள்ளப் போன வண்டிதான், ஆனாலும் ஆபீசில கண்டா அவருக்க சோலி போவும்."

"அண்ணே, எனக்கிட்ட தந்தா கெணத்தில போட்ட கல்லு. நான் என்ன கொச்சுப் பிள்ளையா?"

பென்டிரைவைக் கொடுத்துவிட்டு வந்தார். இங்கேதான் கனகதாஸ் செய்த தப்பு இருக்கிறது. பினுவை நம்பியது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நம்பாமல் மனிதன் எப்படி வாழ்வது? தப்பு வேறு. கேமராவிலிருந்து கம்ப்யூட்டருக்கு எந்தப் படம் போனாலும் முதல் வேலையாகக் கீழே ஐந்தையும் எழுதி மூலையில் பெயரைப் போடுவது அவர் கைக்குப் பழக்கம். இருபது வருஷப் பழக்கம். இந்தப் படத்துக்கும் கை அதையே செய்தது. ஃபிரேம் போட்டு வீட்டில் மாட்டுகிற படத்துக்கு இன்ஜின் நம்பர் எதற்கு, நிமிஷம் எதற்கு? முகத்தை மறைப்பதில் அவ்வளவு கவனமாக இருந்த மனிதருக்கு, நம்பரும் ஒரு முகம்தான் என்று தோன்றாமல் போய்விட்டது.

பத்து நாள் கழித்து, கடையில் ஒரு கிழவருக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மருந்துக் கடைக்காரன் மொபைலை நீட்டிக்கொண்டு ஓடிவந்தான். "அண்ணே, உங்க பேரு டிவியில வருது."

பினுவின் பேஜில் அந்தப் படம். மேலே கொட்டை எழுத்தில் மலையாளத்தில், இவர்கள் கையிலா நம் உயிர் என்ற கேள்வி. கீழே இன்ஜின் நம்பர், ஷெட், வண்டி, இடம், நேரம். மூலையில் சின்னதாக, கனகதாஸ், காரக்கோணம். அதை ஒரு செய்திச் சேனல் எடுத்துச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தது. கிழவரின் மூக்கில் ஃபிரேம் பாதி தொங்கியபடியே இருக்க, கனகதாஸ் கடையைத் திறந்துபோட்டுவிட்டுப் பைக்கை எடுத்தார்.

பினு கடையில் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவன் எழுந்திருக்கவில்லை.

"எலே பினு, என்ன காரியம்லே செய்து வச்சிருக்கே?"

"அண்ணே, ஒரு லெட்சத்து எம்பதாயிரம் பேரு பாத்தாச்சு. நம்ம பேஜு இத்தன நாளில இப்பிடிப் போனதில்ல."

"அது கொடுக்கதுக்குத் தந்த படம்லே."

"இது சேஃப்டி காரியம் அண்ணே. டிரைவர் போனு கையில வச்சிட்டு வண்டி ஓட்டினா நாட்டுக்காரன் கேக்கண்டாமா?"

"இருவது கிலோமீட்டரில போன வண்டிலே அது. நான் உனக்கிட்ட சொல்லித்தானே தந்தேன்?"

"எனக்குத் தெரியும். படத்தில தெரியாதே."

இந்தப் பதிலைக் கனகதாஸ் பிறகு ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்தார். கோபத்தில் சொன்னதாக இருந்தால் ஆறும். பினு அதை, பிரிண்டுக்கு மேட் பேப்பரா பளபளப்பா என்று கேட்கிற குரலில் சொன்னான்.

"பின்ன எனக்க பேரு என்னத்துக்கு அதில கெடக்கு?"

"எடுத்தவன் பேர வெட்டிப் போடுகவன் கள்ளன்னு குரூப்பில சட்டம் எழுதினது ஆரு? நீங்க தானே? நான் கள்ளன் இல்ல அண்ணே. உங்களுக்க மரியாத உங்களுக்குத் தந்திருக்கேன்."

கனகதாஸுக்கு அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. அறைந்திருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அவர் கவுன்டர் மேலிருந்த தன் பென்டிரைவை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினார். படம் ஊர் சுற்றிக்கொண்டிருந்தது, பென்டிரைவை வைத்து என்ன செய்வது?

நம்பர் இருக்கிறது, தேதி இருக்கிறது, நிமிஷம் இருக்கிறது. ஆளைக் கண்டுபிடிக்க ஆபீசுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பொன்னப்பனை வண்டியிலிருந்து இறக்கிவிட்டார்கள். விசாரணை முடிகிறவரை டிரைவர்கள் கையெழுத்துப் போடுகிற அறையில் ஒரு பெஞ்ச். ரிட்டயர் ஆகிற நாள்வரை இன்ஜின் ஏறக்கூடாது. அப்படியானால் கடைசி டிரிப் இல்லை. மாலை இல்லை, வாழைக்குலை இல்லை, பெட்டியில் மகளும் பேரனும் இல்லை. குரூப்பில் யாரோ எழுதித்தான் இதுவும் கனகதாஸுக்குத் தெரிந்தது.

பொன்னப்பனுக்குக் கனகதாஸ் அனுப்பிய செய்திகளில் ஒற்றை டிக்கோடு நின்றவை பதினேழு. போன் மணி அடிக்கவே இல்லை. "நேரில போங்க" என்றாள் கிருபாபாய். "குளத்தூருக்கு விசா வேணுமா? போய்க் காலப் பிடிச்சு நடந்தத நடந்தபடி சொல்லுங்க."

"போறேன்" என்றார். மறுநாளும் போறேன் என்றார். பதினோரு வருஷம் வண்டியின் வேகத்திலேயே பழகிய ஒருவர் வீட்டு வாசலில், நான் செய்யவில்லை என்ற பேச்சோடு முதல்முதலாகப் போய் நிற்க அவருக்குக் கால் வரவில்லை. சுத்தமான மனது உள்ளவர்களின் கோழைத்தனம் இது. கள்ளனுக்கு இந்தத் தொந்தரவே கிடையாது.

மே மாதம் காற்று திசை மாறியது. இருபது கிலோமீட்டர் உத்தரவு அன்றைக்கு இருந்ததை டிரைவர்கள் சங்கத்து ஆள் ஒருவர் எழுத, முப்பத்தெட்டு வருஷம் பிசகில்லாமல் வண்டி ஓட்டியவரை இப்படியா அவமானப்படுத்துவது என்று அதே ஜனம் அழ ஆரம்பித்தது. பினு உடனே பழைய படத்தை எடுத்துவிட்டு, பொன்னப்பன் வீட்டுக்கே போய்ப் பேட்டி எடுத்துப் போட்டான். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்று சொல்வார்களே, அதை வீடியோவாகப் பார்க்கக் கிடைத்தது. பொன்னப்பன் அதில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "கூட்டாளி மாதிரி நெனச்ச ஒருத்தன் செய்தது" என்றார். கனகதாஸ் அந்த இடத்தில் மொபைலைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மே முப்பத்தொன்றாம் தேதி கடையை மத்தியானமே பூட்டினார். நெய்யாற்றின்கரையில் வேறொரு கடையில் கொடுத்து, பதினோரு வருஷப் படங்களிலிருந்து நூற்றிருபது தேர்ந்தெடுத்து ஆல்பம் போட்டிருந்தார். மழையில் பொன்னப்பன் வண்டி, மூடுபனியில் பொன்னப்பன் வண்டி, பெட்டியெல்லாம் நீலமாக இருந்தபோது, சிவப்பாக மாறியபோது. அதைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு குளத்தூருக்குப் பஸ் ஏறினார்.

வீட்டு முன்னால் பந்தல். வாசலில் மாலையோடு பொன்னப்பன் நின்று வருகிறவர்களை வரவேற்றுக்கொண்டிருந்தார். ஜன்னலில் தெரிந்ததைவிடக் குள்ளமான ஆள். மீசை முழுக்க வெளுத்துவிட்டது.

"வாருங்க, வாருங்க" என்று கனகதாஸின் இரண்டு கையையும் பிடித்தார். "எந்த ஆபீசில இருந்து?"

"பாறசாலப் பக்கம்" என்றார் கனகதாஸ்.

"அப்பிடியா? நம்ம பினுவும் பாறசாலதான். எடே பினு, இவரத் தெரியுமா?"

பந்தலுக்குள் கேமராவும் கையுமாக நின்ற பினு திரும்பினான். ஒரு நொடி அவன் முகம் வெளிறியதை அவர் பார்த்தார். பிறகு அது சரியாகிவிட்டது.

"கண்ணாடிக் கட வச்சிருக்காரு. கண்டிருக்கேன். அவ்வளவு பழக்கமில்ல சாறே."

சபைப் பதிவேட்டில் போட்ட சாட்சிக் கையெழுத்து இன்னும் அங்கேதான் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம்.

"நான் வளவுக்காரனாக்கும்" என்றார் கனகதாஸ்.

பொன்னப்பன் கையை விடவில்லை, உடனே. முகத்திலிருந்த சிரிப்பு போய், பிடி தளர்ந்து, கடைசியில்தான் கை விட்டது. மகள் பிரசீதா பின்னால் வந்து நின்றாள்.

"அப்பம் நீரு ஆக்கும் அது" என்றார். சத்தம் போடவில்லை. "மொகம் இப்பமாக்கும் காணுகேன். இவளுக்குக் காட்டதுக்கு அண்ணைக்கு ஒரு படம் எடுத்தேன் இல்லியா? விசாரணையில ஆபீசர் முன்ன வச்சு அழிக்கச் சொன்னாரு. அழிக்கதுக்கு முன்ன ஒருக்க பெருசாக்கிப் பாத்தேன், இப்பிடி ஒரு துரோகம் செய்தவன் மொகம் எப்பிடி இருக்கும்னு. கேமரா தான் இருந்துது. மொகம் இல்ல."

"நான் போடல்ல சாறே. பிரிண்டுக்குத் தந்தது. போட்டது அவன்."

பினு தலையைக் குனிந்து லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"பேரு உம்மட பேரு. நம்பரு, ஷெட்டு, இடம், நேரம், ஒண்ணும் விட்டுப் போகல்ல. அவன் போட்டது எனக்கும் தெரியும். படம் பேஜுக்கு வந்துது, போட்டேன், தப்பு பற்றிப் போச்சுன்னு வந்து எனக்க கையப் பிடிச்சு அழுதான். ரெண்டு மாசம் நீரு எங்க ஓய் இருந்தீரு?"

பதினேழு செய்தி அனுப்பினேன் என்று சொல்லலாம். குளத்தூருக்கு அரை மணி நேரம்தான் பஸ் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். கனகதாஸ் துணிப்பையை நீட்டினார். பொன்னப்பன் உள்ளே எட்டிப் பார்த்தார். மேல் அட்டையில் வளைவும் வண்டியும். அவர் விரல் அட்டையைத் தொட வந்து, தொடாமல் திரும்பியது.

"கொண்டுபோங்க. இது எனக்க வீட்டில வேண்டாம்." பிறகு வேறு யாரிடமோ பேசுகிற மாதிரி சொன்னார், "இருந்து சாப்பிட்டிட்டுப் போங்க. வந்தவர வெறும் வயிற்றில அனுப்புக வழக்கம் இங்க இல்ல."

கனகதாஸ் உட்கார்ந்து சாப்பிட்டார். எழுந்து போனால் அது இன்னொரு மரியாதைக் குறைவாகிவிடும் என்று பயந்தார். பருப்பு, சாம்பார், புளிசேரி, பாயசம்வரை இலையில் விழுந்ததை எல்லாம் தின்றார். எதற்கும் ருசி தெரியவில்லை. கை கழுவிவிட்டு வந்தபோது பந்தலில் குடும்பத்தோடு போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் பொன்னப்பன், மடியில் பேரன். பினு கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமல் இடது கையை ஆட்டினான்.

"அண்ணே, கொஞ்சம் தள்ளி நில்லுங்க. ஃபிரேமில வருது."

கனகதாஸ் தள்ளி நின்றார்.

அடுத்த வாரம் ஒரு காலையில் கிருபாபாய் பார்த்தபோது கேமரா மேசை மேலேயே இருந்தது, ஆளைக் காணவில்லை. கால் பழகிய வழியில் போயிருந்தது. மழை தொடங்கிவிட்டதால் கையாலைக் கல்லெல்லாம் பாசி வழுக்கியது. பூவரசு வெட்டிய இடத்தில் புதுக்குருத்து விட்டிருந்தது.

பாசஞ்சர் வந்தது. இன்ஜின் ராயபுரம் ஷெட், நம்பர் அவர் வேண்டாம் என்றாலும் கண்ணில் விழுந்தது. உள்ளே யாரோ இளைஞன். மஞ்சள் போர்டு தாண்டியதும் நீளமாக ஒரு ஹார்ன் அடித்தான். கனகதாஸின் கை பாதி உயர்ந்துவிட்டது. அப்படியே நின்று, இன்னும் இரண்டு சின்ன ஹார்ன் வருமென்று காத்திருந்தார். கடைசிப் பெட்டி வளைவைக் கடந்து, கேட் திறந்து, அங்கே நின்ற பைக்குகள் எல்லாம் கிளம்பிப் போயின.